ஒரு மேடை, இரண்டு சாக்ஸபோன்

“ஊதக் கத்துக் கொடுத்தவன் வாயிலயே மண்ணைப் போட வந்திருக்கா பாத்தியா?” என்றார் மாஸ்டர், சாக்ஸபோனைத் துடைத்தபடி.

“அவளா வந்தா? ஓட்டல் புது முதலாளி கூப்பிட்டாரு, வந்திருக்கா,” என்றாள் மனைவி. “ஆளுக்கொரு சனிக்கிழமை வாசிங்க, ஒருத்தர வச்சுக்கறேன்னு சொல்லியிருக்காரு. போய் வாசிச்சுட்டு வாங்க.”

“எனக்கே பரீட்சையா? கப்பல்ல வாசிச்சவன் நான். ஒரு தடவகூட ஒருத்தரும் பாதியில எழுந்து போனதில்ல.”

“நடுக்கடல்ல எழுந்து எங்க போவாங்க?”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் அவருடைய கலையைப் புரிந்துகொள்ள ஆளில்லை என்பது கல்யாணமான புதிதிலேயே அவர் கண்டுபிடித்த உண்மை.

மாஸ்டர் வாசித்தது ஜாஸ். எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்காமல், மேடையில் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிற சங்கீதம். மாஸ்டருக்குத் தோன்றுவது குறைவு, வாசிப்பது அதிகம். யாராவது முகம் சுளித்தால், “இதெல்லாம் பழகின காதுக்குத்தான்” என்று சொல்லிவிடுவார். கப்பல் வேலை போன பிறகு மாடியறையில் வகுப்பு ஆரம்பித்தார். மாணவர்கள் கொஞ்ச நேரம் ஊதுவார்கள். மீதி நேரமெல்லாம் மாஸ்டர் தன் கப்பல் காலத்தைப் பற்றிப் பேசுவார். வந்தவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. பகலில் பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை, சாயங்காலம் சாக்ஸபோன் என்று விடாப்பிடியாக இருந்தவள், எப்படியோ வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். எப்படி என்பது மாஸ்டருக்கே பிடிபடவில்லை.

இப்போது மாஸ்டருக்கு மிச்சமிருந்தது அந்த ஓட்டலின் சனிக்கிழமை மேடை ஒன்றுதான். ஆபீஸ்கள் நிறைந்த தெருவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓட்டல். சனிக்கிழமை மத்தியானம் வாசல் வரை ஆள் நிற்கும். அத்தனை கூட்டமும் தனக்காகத்தான் என்று மாஸ்டர் நம்பினார். பழைய முதலாளி அவருடைய நண்பர், எதையும் கண்டுகொண்டதில்லை. அவரிடமிருந்து ஓட்டலை வாங்கியவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். வந்த வேகத்தில் சமையல்காரரையே மாற்றிவிட்டார். இந்த மேடையும் போனால் மாஸ்டர் மாணவர் இல்லாத மாடியறையில் வெறும் வாத்தியார்.

முதல் சனிக்கிழமை சிஷ்யை வாசித்தாள். மாஸ்டர் தூணோரத்து மேஜையில், குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார். அவள் தொடங்கிய சற்று நேரத்தில் கரண்டிச் சத்தம் அடங்கியது. செல்போனில் மூழ்கியிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டருக்கே தன்னையறியாமல் கண் கலங்கியது. அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது. முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை. “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்றார்கள்.

“எப்படி இருந்துச்சு மாஸ்டர்?” என்று வந்து நின்றாள்.

“பரவால்ல. மூச்சுதான் பத்தல,” என்றார் மாஸ்டர், வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை அவர் முறை. எப்போதும்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஊதினார். கண்ணைத் திறந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எதிர் மேஜையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டிருந்தது. கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

மறுநாள் காலை முதலாளி இருவரையும் சமையலறைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். “எனக்கும் வயசாகுது, சின்னவங்களுக்கு வழிவிடணும்” என்று கௌரவமாக ஒரு வசனத்தை மாஸ்டர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

“மாஸ்டரே இருக்கட்டும். சனிக்கிழமை மட்டுமில்ல, ஞாயித்துக்கிழமையும் வந்து வாசிங்க.”

வசனத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே போன தலைக்கனமும் வந்து சேர்ந்தது.

“ரொம்ப சந்தோஷம் மாஸ்டர்,” என்றாள் சிஷ்யை. ஆஸ்பத்திரி வரவேற்பறையை விட்டு வெளியே வர அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்த மேடைதான்.

மாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“என் சிஷ்யைதானே சார், தயங்காம சொல்லுங்க. அவகிட்ட என்ன குறைன்னு உங்க வாயால சொன்னா திருத்திக்குவா. நான் சொன்னா பொறாமைன்னு நினைச்சுக்குவா.”

முதலாளி சங்கடத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

“குறைன்னு இல்லம்மா. நீங்க வாசிச்சா ஒருத்தரும் எடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. ஒரு காப்பிய வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துடறாங்க. வாசல்ல நிக்கிறவங்க பாத்துப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிடறாங்க,” என்றார். “மாஸ்டர் வாயில வச்சா போதும், அவனவன் அள்ளிப் போட்டுக்கிட்டு பில்லைக் கட்டிட்டு ஓடறான். ஒரே மத்தியானத்துல ஒவ்வொரு மேஜையும் மூணு தடவ நிரம்புது.”