ஒரு காலி இடம்

"எவளாவது ஒருத்திக்குக் கால் பிசகினாப் போதும். பெரிசா ஒண்ணும் வேணாம்."

"மெதுவாப் பேசுங்கப்பா. காதுல விழப் போகுது."

"விழட்டுமே. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே, நாம எதுக்குக் காத்துக் கெடக்கோம்னு?"

போட்டி நடுவரின் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார் அவர். மூன்று நாட்களாக இதே நாற்காலி. டென்னிஸ் பெண்கள் ஒற்றையர் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மகள் தோற்றுவிட்டாள். ஆனால் அப்படித் தோற்றவர்களில் அவளுக்குத்தான் முதல் இடம். பிரதானப் போட்டியின் முதல் சுற்று முடிவதற்குள் யாராவது விலகினால் அந்தக் காலி இடம் அவளுக்குக் கிடைக்கும். தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் எதிரே நிற்க வேண்டும்.

"லக்கி லூசராம், பேரைப் பாரு" என்று முணுமுணுத்தார். "தோத்ததுல என்னடி லக்கி?"

மகள் சிரிக்கவில்லை. முதல் சுற்றில் இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தான் பாக்கி.

"இன்னைக்கும் இல்லேன்னா நான் நிறுத்திடறேன்பா. இருபத்தாறு வயசாச்சு. காலையில எழுந்தா தலை சீவக் கையத் தூக்க முடியல."

"நிறுத்திக்கோ. நான் தடுக்கல. ஆனா ஒரே ஒரு தடவை நம்ம வீட்டுப் பேர் அந்தப் பலகையில ஏறணும். இருவது வருஷம் வெயில்ல நின்னு பந்து பொறுக்கிப் போட்டேனே, அதுக்காகவாவது."

எதிர்ச் சுவரில் போட்டி அட்டவணைப் பலகை இருந்தது. மூன்று நாளில் அவர் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"பலகையைப் பாத்தீங்களா நீங்க?"

"நம்ம பேர் இல்லாத பலகையில எனக்கென்ன பார்வை?"

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து, நன்றாகத்தான் இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அவருடைய சட்டைப் பையில் போன் ஒலித்தது. தெரியாத எண். துண்டித்தார்.

"அந்தக் கடைசி ஆட்டத்துல யாரு? நாடகக்காரிதானே?"

"அப்படிச் சொல்லாதீங்கப்பா."

"வேற எப்படிச் சொல்றது? ஆரத்தி எடுக்கவா?"

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதியில், ஜெயிக்க இரண்டே கேம் இருக்கும்போது, முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதியில் வெளியேறியவள். அன்றிலிருந்து அவர் வாயில் அவளுடைய பெயர் வந்ததில்லை.

"நிஜமாவே வலிச்சிருந்தா?" என்றாள் மகள்.

"வலியா? பயம்! எதிர்ல நின்னவளப் பார்த்து வந்த பயம். மறுநாளே மாடிப்படி ஏறி வந்தா. என் கண்ணால பாத்தேன்."

"கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு ஏறினதையும் பாத்தீங்களா?"

"வலிச்சா பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடணும். பாதியில ஓடி வர்றவளுக்கு மானம் இருக்குமா? கோர்ட்டுலயே விழுந்திருந்தா நானே போய்த் தூக்கியிருப்பேன்."

மறுபடி போன். அதே எண். "வேற வேலை இல்ல இவனுங்களுக்கு" என்று துண்டித்து, சத்தத்தையும் குறைத்தார்.

"இன்னைக்கும் விலகுவா பாரு" என்றார். "அதுதானே அவளுக்குக் கைவந்த கலை. ஒரு தடவையாவது அவ நாடகம் நமக்கு உதவட்டும்."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்படி வேண்டிக்காதீங்கப்பா."

"வேண்டிக்கத்தான் செய்வேன்."

கதவு திறந்தது. நடுவர் அம்மாள் கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார். முகத்தில் களையே இல்லை.

"ஒரு இடம் காலியாயிருக்கு. பயிற்சி எடுக்கும்போது முட்டி போயிடுச்சு. விலகிட்டாங்க."

"நான் சொன்னேனா இல்லையா!" நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் அவர். இருபது வருடத்தில் அவர் அப்படித் துள்ளியதை யாரும் பார்த்ததில்லை. "போடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"

நடுவர் அம்மாள் தாளை நீட்டவில்லை. "நீங்க... மருத்துவ அறைக்குப் போகலையா?"

"எதுக்கு? என் பொண்ணு நல்லாத்தானே நிக்கறா!"

மகளின் கண்களில் நீர் பொங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார். ஆனால் அவள் ராக்கெட் பையைத் தரையில் போட்டுவிட்டு, நடைபாதையில் ஓடத் தொடங்கினாள்.

"ஏய், எங்க ஓடறே? அஞ்சு நிமிஷம்தான் இருக்கு! கையெழுத்துப் போட்டுட்டுப் போ!"

அவள் திரும்பவே இல்லை. நடுவர் அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எரிச்சலோடு எடுத்தார். "யாருங்க அது, ஓயாம?"

"மருத்துவ அறையிலேருந்து டாக்டர் பேசறேன் சார். ரெண்டு தடவை கூப்பிட்டேன், கட் பண்ணிட்டீங்க. முட்டி இன்னைக்குப் போனதில்லை. மூணு வருஷமா கிழிஞ்ச தசைநாரோடவே பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடியிருக்காங்க. இனிமே அவங்களால ஆடவே முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

"யாரைச் சொல்றீங்க?" என்றார்.

"அவசரத்துக்குக் கூப்பிடணும்னா யாருன்னு கேட்ட இடத்துல உங்க நம்பரத்தான் எழுதியிருக்காங்க... நீங்க அவங்க அப்பாதானே?"