குட்டி ரொட்டி

"அம்மா, என் ரொட்டி மேல ஒரு குட்டி ரொட்டி உட்கார்ந்திருக்கு. உன் ரொட்டிக்கு மட்டும் ஏன் குட்டியே இல்ல?"

ஐந்து வயது ரிம்மா இதைக் கேட்டது டிசம்பர் பத்தாம் தேதி. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அக்னியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

ஜெர்மானியர் லெனின்கிராடை வளைத்து நாலாவது மாதம். ஆளுக்கு ஒரு ரேஷன் கார்டு; அதற்கு நாளொன்றுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் ரொட்டி. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் அதைப்போல் இரண்டு பங்கு. கடையில் ரொட்டியை வெட்டி நிறுக்கும்போது எடை கொஞ்சம் குறைந்தால், கட்டைவிரல் அளவு இன்னொரு துண்டை மேலே வைத்துச் சரிக்கட்டுவார்கள். ஒருநாள் இரண்டு நாள் அது இல்லாமல் வரலாம். தினமும் இல்லாமல் வருமா?

பட்டினியில் அக்னியாவின் கால்கள் மரக்கட்டை போல வீங்கிக் கிடந்தன. பக்கத்து அறை ப்ரோஸ்யாதான் விடியுமுன் வரிசையில் நின்று, மூன்று பேருக்கும் ரொட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஆலைக்கு ஓடுவாள்.

ஒருநாள் அக்னியா கேட்டேவிட்டாள்.

"ப்ரோஸ்யா, குழந்தை ரொட்டியில குட்டித்துண்டு இருக்கு. என்னோடதுல இப்பல்லாம் ஒருநாள்கூட இல்லையே. கடைக்காரிக்குக் கை அவ்வளவு துல்லியமா?"

ப்ரோஸ்யா முக்காட்டிலிருந்த பனியை உதறிக்கொண்டே நின்றாள்.

"வழியிலேயே தின்னுட்டேன்."

"தினமுமா?"

"தினமும்தான். குழந்தையோடதத் தொட மனசு வரல. நாலு மணி நேரம் குளிர்ல நிக்கிறவளுக்குக் கூலி வேணாமா? வேணும்னா நாளைக்கு நீ போய் நில்லு, மகாராணி!"

"என் கார்டக் குடு. என்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு? எலி கடிச்சுட்டுப் போகவா?"

"எலி இருந்தா அதைப் பிடிச்சுத் தின்னிருக்க மாட்டேனா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அக்னியா அதை அடக்கிக்கொண்டாள்.

"மேல ஒருத்தர் பாத்துட்டுதான் இருக்கார், ப்ரோஸ்யா."

"பாக்கட்டும். அவருக்கும் ஒரு கார்டு இருந்தா குடுக்கச் சொல்லு, சேத்து வாங்கியாறேன்" என்றவள், சொன்ன வாய் மூடுமுன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு அக்னியா அவளோடு பேசவில்லை. ரொட்டியை வாங்குவாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இருபத்துமூன்றாம் தேதி காலை ப்ரோஸ்யா வரவில்லை. அக்னியா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுத்த அறைக்குப் போனாள். கோட்டும் முக்காடுமாகக் கட்டிலிலேயே கிடந்தாள் ப்ரோஸ்யா. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தலையணைக்கு அடியில் இரண்டே கார்டுகள். ஒன்று ரிம்மாவுடையது, ஒன்று ப்ரோஸ்யாவுடையது.

"என் கார்டு எங்க?"

ப்ரோஸ்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

விற்றுவிட்டாள்! மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நேற்றுதான் விற்றிருக்க வேண்டும். கோபம்தான் அக்னியாவை எழுப்பி நிறுத்தியது. இருந்த இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு, மூன்று மாடியையும் படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள்.

வரிசையில் அவள் முறை வந்தது. "என் கார்டுக்கு இன்னிக்கு யாராவது ரொட்டி வாங்கினாங்களா? அக்னியா, மூணாவது மாடி. ப்ரோஸ்யாதான் தினம் எங்களுக்கு வாங்குவா."

கடைக்காரி, கார்டில் அன்றைய சீட்டை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் கார்டா? ஏம்மா, அதைத்தான் மூணாந்தேதியே ஒருத்தன் ப்ரோஸ்யா கையிலேர்ந்து பிடுங்கிட்டு ஓடிட்டானே! இங்கதான் மண்டி போட்டு அழுதா. தொலஞ்ச கார்டுக்கு வேற தர மாட்டாங்களாம். அன்னையிலேர்ந்து நான் வெட்டிக் குடுக்கறது இந்த ரெண்டு கார்டுக்குத்தான். அவ உன்கிட்ட சொல்லல?"

அக்னியா தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிம்மாவின் துண்டு வந்தது. அடுத்து ப்ரோஸ்யாவின் இரண்டு பங்கு. அதை வீட்டில் வைத்துச் சரிபாதியாக வெட்டினால் ஒரு பங்கு. அந்தப் பாதிக்குக் குட்டி எங்கிருந்து வரும்?

கடைக்காரி ப்ரோஸ்யாவின் ரொட்டி மேல் ஒரு குட்டித்துண்டை வைத்தாள். முள் நேரானது.

வழி முழுக்க அந்தத் துண்டு துணிக்குள் மணத்துக்கொண்டே வந்தது. அக்னியா கையுறையைப் பல்லால் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ரிம்மா தன் பங்கைத் தின்று, கோட்டுகளுக்குள் சுருண்டு தூங்கிப்போனாள். ப்ரோஸ்யாவின் அறை மூலையில் மாதாவின் படம் இருட்டில் இருந்தது. படத்து விளக்கின் எண்ணெயை நவம்பரிலேயே ரொட்டியில் தொட்டுத் தின்று தீர்த்திருந்தார்கள். அக்னியா வெந்நீரில் குட்டித்துண்டை ஊறவைத்து முதலில் அதை ஊட்டினாள். பிறகு ரொட்டியை, வெட்டாமல், பிய்த்துப் பிய்த்து ஊறவைத்தாள்.

பாதிக்கு மேல் போனதும் ப்ரோஸ்யா வாயை மூடிக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அக்னியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் பங்கு எங்கடி?"

அக்னியா கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனாள்.

"வழியிலேயே தின்னுட்டேன்."