தாய்மாமன் காது

அண்ணன் காதில் பஞ்சு இருக்கிறதா என்று சௌந்தரவல்லி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

இரண்டு காதிலும் இருந்தது.

'தாயே, இன்னும் கொஞ்ச நேரம்' என்று போலகத்து அம்மனை மனத்துக்குள் கும்பிட்டாள்.

சந்நிதிக்கு எதிரே விரித்த ஜமக்காளத்தில் அண்ணன் சோமசேகரன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அவள் மகள் வெண்மதி, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல். முன்னால் காது குத்தும் பத்தர். தாம்பாளத்தில் மாமன் வாங்கி வந்த தோடு.

சளியோடு விமானம் ஏறாதே என்று சிங்கப்பூர் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாராம். மருமகளுக்குக் காது குத்த மாமன் மடி வேண்டாமா? ஏறிவிட்டான்.

திருச்சியில் விமானம் இறங்க இறங்கக் காதுக்குள் ஆணி இறங்குகிற மாதிரி வலி. தரையைத் தொட்டபோது இரண்டு காதும் அடைத்துப் போயிருந்தன. உள்ளே சவ்வு வீங்கியிருக்கிறது, தானாக வடியும், பயப்பட வேண்டாம் என்றார் காரைக்காலில் காது பார்க்கிற டாக்டர்.

நேற்று தங்கை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனிடம் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். அவனும் கத்தித்தான் பதில் சொன்னான். காப்பி வேணுமா என்று அவனைக் கேட்டால் தெருவே எட்டிப் பார்த்தது.

வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு. சௌந்தரவல்லிக்கு மட்டும் உள்ளூர ஒரு நிம்மதி. கூடப் பிறந்தவன் நோவில் நிம்மதி தேடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

காரணம், மாமியார்.

ஞானசௌந்தரி கெட்டவள் இல்லை. நேற்று அவனுக்கு ஓமம் வறுத்து, துணியில் முடிந்து, முகர்ந்து பார்க்கக் கொடுத்தவளும் அவள்தான். உலைவாயை மூடலாம், அவள் வாயை மூட முடியாது. அவ்வளவுதான்.

வளைகாப்பில் சீர்த்தட்டைப் பார்த்து அவள் ஒன்று சொல்லப்போக, அது காதில் விழுந்து, சோமசேகரன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். பிள்ளை பிறந்ததற்குக்கூட வரவில்லை. இப்போதுதான் அந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறான்.

அவன் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பிறந்த வீட்டுச் சீரைக் குறை சொன்னது காதில் விழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பவன் ஓர் அண்ணனா என்று அவன் பக்கத்து உறவு கேட்கும்.

பத்தர் ஒரு காதைக் குத்தினார்.

வெண்மதி வீறிட்டாள். நாயனமும் தவிலும் அந்த அழுகையை மூடப் பார்த்து, தோற்று, ஓய்ந்தன. பத்தர் அடுத்த தோட்டைக் கையில் எடுத்தார்.

அந்த அமைதி பார்த்துத்தானா மாமியார் பக்கத்திலிருந்தவளிடம் குனிய வேண்டும்?

"சிங்கப்பூர்லேருந்து வந்தது தோடா, கடுகா? தேடிப் பாக்க ஒரு பூதக்கண்ணாடியும் சேத்து வச்சிருக்கலாம்."

நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சௌந்தரவல்லி அண்ணன் காதுப் பஞ்சைப் பார்த்தாள். மாமன் எழுந்தால் பிள்ளை ஒற்றைக் காதோடு நிற்கும். குத்த உட்கார்ந்த மடி பாதியில் எழுந்தால், அப்புறம் எந்தக் காலத்திலும் இரண்டு குடும்பமும் ஒரு பந்தியில் உட்காராது.

சோமசேகரன் தலையைத் தூக்கினான். நேராக மாமியாரைப் பார்த்தான். கையைக் காதோரம் குவித்தான்.

"என்ன அத்தை சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க, காது அடைச்சிருக்கு!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசாரிகூடத் தட்டோடு வெளியே வந்து நின்றார்.

ஞானசௌந்தரி வாயைத் திறந்தாள். மூடினாள். ரகசியமாகச் சொன்னதை ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்ல அவளாலும் முடியவில்லை.

"தோடு சின்னதா, பிள்ளை காதுக்குப் பாந்தமா இருக்குன்னேன் தம்பி!"

"பிஞ்சுக் காது, பாரம் தாங்காதுன்னுதான் அத்தை பாத்து எடுத்தேன்!" என்று அவனும் கத்தினான்.

பத்தர் மறு காதையும் குத்தினார்.

நல்ல சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. வேறு வழியில்லாமல் வாயிலிருந்து வந்தாலும், சொன்னவரைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பிள்ளையைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும் ஞானசௌந்தரியே பேத்தியின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். "பாந்தமா இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லாதவளை விடவில்லை.

பந்தி விரித்ததும், "மொதல்ல நீங்க உக்காருங்க தம்பி" என்று சோமசேகரன் கையைப் பிடித்து அழைத்துப் போய், தன் கையாலேயே இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

சௌந்தரவல்லி ரச வாளியோடு வந்தாள். அண்ணனின் இலைக்கு நேரே குனிந்தபோது, கேட்காது என்ற தைரியத்தில் முணுமுணுத்தாள்.

"நல்லவேளை, அந்தப் பேச்சு உன் காதுல விழல. விழுந்திருந்தா என் கதி என்னாயிருக்கும்ணே?"

சோமசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னான்.

"மெல்லப் பேசு வல்லி. உன் மாமியாருக்குக் காது நல்லாக் கேக்கும்."

கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது.

"எப்பண்ணே தொறந்துச்சு?"

"விடியக்காலையில ஒரு கொட்டாவி விட்டேன். படக்குன்னு தொறந்துக்கிச்சு."

சோற்றின் நடுவில் விரலால் குழி செய்தான்.

"ரசத்த ஊத்தும்மா."