நாலு மணிப் பழுது

ஏழாம் நம்பர் தகர ரோபோ வரவேற்புக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

சூப்பர்வைசருக்குச் சுர்ரென்று ஏறியது. 'ரோபோக்கள் பயணிகள் முன்னால் உட்காரக் கூடாது' என்ற விதியை எழுதியதே அவர்தான். குஷன் வைத்த சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதிய விதி அது.

பக்கத்தில் ஒரு பெரியவர், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ரோபோவின் முழங்காலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இதே கதைதான் தம்பி. நாலு மணி ஆனா மடங்கி விழுந்துடுது. நீங்க போய் வேலையைப் பாருங்க. அரை மணி நேரத்துல எழுப்பி விட்டுடுறேன்."

"பீப்" என்றது ரோபோ, ஈனஸ்வரத்தில்.

அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் உல்லாச விடுதி. 'வருங்காலம் இப்படித்தான் இருக்கும்' என்று அந்தக் காலத்து ஆட்கள் கற்பனை செய்த மாதிரியே கட்டியிருந்தார்கள். வெள்ளி நிற உடுப்பு, மினுக் மினுக்கென்று விளக்குகள், எதற்கென்றே தெரியாத நெம்புகோல்கள், சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாத்திரை. மாத்திரையை விழுங்கிவிட்டு எல்லோரும் பின்பக்கக் கேண்டீனுக்கு ஓடுவார்கள் என்பது வேறு விஷயம்.

ரோபோக்களில்தான் சிக்கல் வந்தது. நிஜ ரோபோக்கள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போக, பயணிகள் முகம் சுளித்தார்கள். கிறீச் கிறீச்சென்று நடந்து, சுவரில் முட்டிக்கொண்டு, 'பீப் பீப்' சொல்கிற அளவுக்கு மக்கு ரோபோவைச் செய்து தர எந்தக் கம்பெனியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தகரத்துக்குள் மனிதர்களைப் போட்டு மூடிவிட்டார்கள்.

உள்ளே ஆள் இருப்பது பயணிக்குத் தெரிந்துவிட்டால், அன்றைக்கே சீட்டுக் கிழியும். அடுத்த ராக்கெட்டில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாலரை மணிக்கு, பின் அறையில் ஏழாம் நம்பரின் தலை கழற்றப்பட்டது. வியர்வையில் முடி ஒட்டிப்போன ஒரு பெண்ணின் முகம் வெளியே வந்தது.

"என்னம்மா, கால் நீட்டி உட்காரவா உங்களை வேலைக்கு வெச்சிருக்கோம்?"

"கோபப்படாதீங்க சார். அந்த ஐயா நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவராம். மகளும் மருமகனும் பேரனைக் கூட்டிக்கிட்டு மிதக்குற நீச்சல் குளத்துலயே கிடக்குறாங்க. இவர் தனியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க மனசு கேக்கல. சும்மா ஒரு தடவை மடங்கி விழுந்தேன். அவ்வளவுதான்! பேரனோட பொம்மைப் பையிலேருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு ஓடி வந்தார் பாருங்க, இருபது வயசு குறைஞ்ச மாதிரி!"

"அதுக்காக தினமும் விழணுமா?"

"நாளன்னிக்குக் கிளம்பிடுவார் சார். அதுவரைக்கும்தான். வெள்ளந்தி மனுஷன். நேத்து எண்ணெய் விடுறேன்னு சொல்லி, வாய் ஓட்டையில ஆரஞ்சு ஜூஸை ஊத்திட்டார். கண்ணு சரியாத் தெரியல போல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"குடிச்சேன். குடிச்சிட்டு, பீப் பீப்னு சொன்னேன்."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான்.

"அவருக்குத் துளி சந்தேகம் வந்திருந்தாலும் நாளைக்கு ராக்கெட்டுல நீங்கதான் போவீங்க. இப்பவே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"சார், வேலை போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது சார்!"

அவர் காதில் வாங்காமல் நடந்தார்.

பெரியவர் தன் அறையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஐயா, அந்த ஏழாம் நம்பர் ரொம்பத் தொந்தரவு கொடுக்குது. அதை எடுத்துட்டு உங்களுக்கு வேற ரோபோ அனுப்பறோம்."

பெரியவர் பதறி எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐயையோ, வேண்டாம் தம்பி! அது பாவம்."

"ரோபோ எப்படிப் பாவமாகும்?"

"யாருகிட்ட? மெஷினோட நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவன் நான். எந்த மெஷினாவது தும்முமா? முதல் நாளே தும்மிச்சு. தொண்டை காயுமேன்னு ஜூஸ் ஊத்தினேன். எண்ணெய் குடிக்கிற மெஷினைப் பார்த்திருக்கேன், ஏப்பம் விடுற மெஷினை இங்கதான் பார்க்கிறேன்."

சூப்பர்வைசர் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"காலையிலேருந்து அம்புட்டுத் தகரத்தையும் சுமந்துக்கிட்டு நிக்குது. முடியாம ஒரு நாள் மடங்கி விழுந்துடுச்சு. நான் ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டு இருந்தா, அந்த அரை மணி நேரம் யாரும் அதை எழுப்ப மாட்டாங்க இல்லையா?"

"அப்போ... நீங்க பொழுது போகாம ரிப்பேர் பண்ணலையா?"

"பொழுதா? நாற்பது வருஷம் திருகினது போதாதா? ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். அந்தச் சுகமே தனி!"

சூப்பர்வைசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. விதிப்படி அந்தப் பெண்ணை நாளை ராக்கெட்டில் அனுப்ப வேண்டும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு விஷயம் தெரியாதுங்கய்யா. எங்க ரோபோ எல்லாமே தும்மும். பழைய மாடல்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி. ஆனா எனக்குத் தெரியும்னு அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கு உட்காரக் கூச்சப்படும்."