அந்தக் காட்டு மண்

காட்டு மண்ணின் உயிர்ச்சூழல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய, உதவித்தொகையோடு ஏஞ்சலினுக்கு இடம் கிடைத்தது. லாரி ஓட்டும் அப்பா ஜெரால்ட் பூரித்துப்போனார். எந்தக் காடு என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

“கும்மிடிப்பூண்டி பக்கமா? வேற காடே கெடைக்கலியாம்மா?”

“அங்கதாம்ப்பா மரமெல்லாம் பட்டுப்போய்க்கினு இருக்குது. மண்ணுக்கு இன்னா ஆச்சுன்னு பாக்கணும்.”

“அப்ப அந்தப் படிப்பே வேணாம்.”

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது ஏஞ்சலின் கேட்டேவிட்டாள்.

“இவ்ளோ படிச்சா மாப்பிள்ளை கெடைக்காதுன்னு பயமாப்பா?”

ஜெரால்ட் பைக்கை ஓரங்கட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“கம்பெனிக் கழிவை அந்தக் காட்டுல கொட்டிக்கினு வர்றது என் லாரிதாம்மா. உன்ன இவ்ளோ தூரம் படிக்க வச்சதே அந்த லோடுதான்.”