நடு வெளுப்பு

"சொல்லு பாப்போம், இது யாரு?"

முதல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் செருகிவிட்டு வாயாடி ஒதுங்கி நின்றாள். கழுகு குனிந்து லென்ஸில் கண்ணை வைத்தாள்.

கால்நடை மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இருவரும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். ஓயாமல் பேசியவள் வாயாடி ஆனாள். எதுவும் கண்ணுக்குத் தப்பாதவள் கழுகு ஆனாள். வீட்டில் வைத்த பெயர்கள் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கின்றன.

போன மாதம் கழுகின் கண்ணுக்கு ஒன்று தப்பிவிட்டது. ஒரு கன்றுக்குட்டியின் இரத்தத்தில் இருந்த கிருமியை இல்லை என்று சொல்லிவிட்டாள். கன்று எப்படியோ பிழைத்துக்கொண்டது.

ஆனாலும் தலைமை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயரை மறைத்த நான்கு ஸ்லைடுகள்; விடை வாயாடிக்கு மட்டும் தெரியும். நான்கையும் சரியாகச் சொன்னால் அவள் இருக்கை அவளுக்கு. ஒன்று தவறினாலும், வாசல் பக்கம் உட்கார்ந்து இரத்தக் குழாய்களை வாங்கி அடுக்கும் வேலை.

கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள் கழுகு.

முதல் ஸ்லைடில் நீள்வட்டமான சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் பழத்துக்குள் கொட்டை மாதிரி கருத்த உட்கரு. நம் சிவப்பணுவும் ஆட்டின் சிவப்பணுவும் வளர்ந்து முடிந்ததும் கொட்டையைத் துப்பிவிடும். பறவையின் அணு கடைசிவரை அதை விடாது.

"கோழி."

முதன்முதலாகக் கோழி இரத்தம் பார்த்த நாளில், ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று அவள் கத்தியதில் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டாவதும் நீள்வட்டம்தான். ஆனால் உள்ளே கொட்டை இல்லை.

"ஒட்டகம்."

பாலூட்டிகளில் ஒட்டக இனத்துக்கு மட்டும்தான் இந்த வடிவம். நாள்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஒரே மூச்சில் அது தண்ணீர் குடிக்கும்போது, அணுக்கள் இரண்டு மடங்கு உப்பும், வெடிக்காது. முன்பு ஒரு தடவை சர்க்கஸிலிருந்து வந்த ஒட்டகம் வாயாடியின் துப்பட்டாவில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியோடு வீட்டுக்குப் போனவளின் கதையை அவள் அம்மா கடைசிவரை நம்பவில்லை.

மூன்றாவதில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கழுவி அடுக்கிய தட்டுகளைப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. எந்த நோயும் இல்லாமலே இப்படி அடுக்கிக்கொள்வது குதிரை இரத்தத்தின் வழக்கம். அந்தக் கனத்தில்தான் அணுக்கள் குழாயில் சீக்கிரமே அடியில் இறங்கி, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும்.

"குதிரை."

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் குதிரையோடு வந்தவர் குழாயைப் பார்த்துப் பதறிப்போய், இரத்தம் கெட்டுவிட்டதா என்று கேட்டார். கழுகு அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

"அடுத்த வாரம் குதிரையே இல்லாம வந்து நின்னாரேடி உங்க வீட்டுக்காரரு! இன்னொரு தடவை வெளக்கணுமாம்!"

வாயாடி சிரித்துக்கொண்டே நான்காவது ஸ்லைடை வைத்தாள்.

கூடவே சிரித்த கழுகு, லென்ஸில் குனிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

வட்டமான அணுக்கள். ஒன்று நாய், அல்லது பூனை. பழகிய கண்களே தடுமாறும் இடம் இது. நாயின் அணு கொஞ்சம் பெரியது. ஆனால் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்காமல் அளவை நம்ப முடியாது. நம்ப வேண்டியது நடுவை. நாயின் அணு இரண்டு பக்கமும் அமுங்கி நடுவில் மெலிந்திருக்கும். வெளிச்சம் அங்கே எளிதாகப் புகுந்து வருவதால் நடு வெளுத்துத் தெரியும். பூனையின் அணு அவ்வளவாக அமுங்காது. நடுவிலும் ஏறக்குறைய அதே சிவப்பு.

அவள் ஓர் அணுவைத் தேர்ந்தெடுத்து நேராக உற்றுப் பார்த்தாள். நடு வெளுத்திருந்தது.

பக்கத்து அணுவைப் பார்த்தாள். அதுவும்.

ஸ்லைடை நகர்த்தி வேறோர் இடத்துக்குப் போனாள். எந்த அணுவைப் பார்த்தாலும் அதன் நடு வெளுப்பாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"நாய். இதுல என்னடி சந்தேகம்? ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் நடு வெளுத்திருக்கு."

குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னடி, நாலும் சொல்லிட்டேன்னு வாயடைச்சுப் போச்சா?" லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் கழுகு.

"இங்க திரும்பு." வாயாடி இவ்வளவு மெல்லப் பேசி அவள் கேட்டதில்லை. "என் மூஞ்சியப் பாரு."

கழுகு நிமிர்ந்து திரும்பினாள்.

சில மாதங்களாக யார் முகத்தைப் பார்ப்பதானாலும் செய்வதைப் போலவே, வாயாடியின் இடது காதை உற்றுப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில் வெறும் வெளுப்புதான் இருக்கும். காதைப் பார்த்தால் பக்கத்தில் முகம் தெரியும்.

தெரிந்தது.

"பூனையா?" என்று அந்தக் காதிடம் கேட்டாள்.