பின்சீட்டில் குளிர்

வயிரவனுக்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை கிடையாது. தாத்தா காலத்துக் காரின் ஏ.சி. சரியாகிவிட்டதென்று மெக்கானிக் மரியசூசை மறுபடியும் சொன்னதும், அவனையே பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கதவுகளில் உள்பக்கக் கைப்பிடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாலிஷுக்குப் போயிருந்தன. சித்திரை வெயிலில் எஞ்சின் உறுமியது.

"குளிர் வந்தா அடியில தண்ணி சொட்டும்னியே. சொட்டட்டும், திறக்கிறேன்."

உள்ளே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த கை மெல்ல ஓய்ந்தது.

"ஐயா, போதும்யா. திறந்துரலாம்" என்றார் பக்கத்தில் நின்ற டிரைவர்.

வயிரவன் குனிந்து பார்த்தார். பின்சீட்டுக்கு நேர் கீழே, துருப்பிடித்த தகட்டின் ஓட்டை வழியே சொட்டிக்கொண்டிருந்தது. முகம் மலர ஒரு சொட்டை விரலில் ஏந்தினார். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தார். மூத்திர வாடை. விரலைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"குளிர் பத்தல. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."